ஓவனில் ரோஸ்ட் செய்த காய்கறி ஏன் சரியாக வருவதில்லை? விருந்துக்கான லோ கார்ப் தொடுகறி: கோளாறு வாரியாகத் தீர்வுகள்

விருந்து மேசையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் (கார்போஹைட்ரேட், சுருக்கமாகக் கார்ப்) குறைத்துச் சாப்பிடுகிறவருக்கு என்று தனியாக ஒரு கிண்ணம் சாலட் வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு வெண்ணெய் மணக்கும் உருளைக்கிழங்கு பரிமாறுவது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. நன்றாக ரோஸ்ட் செய்த காலிஃபிளவரும் காளானும் குடைமிளகாயும் மேசையில் இருந்தால் எல்லாரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். சிக்கல் ‘நன்றாக’ என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் அது துவண்டுபோய், வெளிறிப்போய், தட்டில் தண்ணீர் கோத்துக்கொண்டு வருகிறது.

உங்களுக்கு எந்தக் கோளாறு வருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அடிப்படை முறையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1 கிலோ நறுக்கிய காய்க்கு 3 மேசைக்கரண்டி எண்ணெய், ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு. ஓவன் 220 டிகிரி செல்சியஸ், விசிறி ஓடும் ஓவன் என்றால் 200. காய்கள் ஒன்றையொன்று தொடாதபடி ஒரே அடுக்காகப் பரப்பி, 25 முதல் 30 நிமிடம். பாதிக்கு மேல் நேரம் போனதும் ஒரே ஒரு முறை புரட்ட வேண்டும். அவ்வளவுதான் முறை. இதில் எது பிசகினாலும் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

சொதசொதவென்று இருக்கிறது, நிறமே ஏறவில்லை

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். காலிஃபிளவரின் எடையில் சுமார் 92 சதவீதம் தண்ணீர். காளானும் ஏறக்குறைய அப்படியே, சுக்கினி (வெள்ளரிக்காய் போலிருக்கும் பூசணி வகை) இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆக, 1 கிலோ காயை ஓவனில் வைக்கும்போது 900 கிராமுக்கு மேல் தண்ணீரைத்தான் வைக்கிறீர்கள். காயின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் ரோஸ்ட் வாசனையும் வர மேற்பரப்பு 140 டிகிரியை ஒட்டியாவது போக வேண்டும். இடையில் நிற்பது அந்த ஈரம்தான். அது ஆவியாகி வெளியேற வழி இருந்தால் காய் சிவக்கும், வழி இல்லையென்றால் தன் ஆவியிலேயே அவிந்துபோகும்.

வழியை அடைப்பவை எவை என்று வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, நெரிசல். விருந்துக்குச் சமைக்கும்போது எல்லாருக்கும் இதுதான் நடக்கிறது: நான்கு பேருக்கான தட்டில் பத்துப் பேருக்கான காய். துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். வீட்டு ஓவனின் பெரிய தட்டு ஒன்று 700, 800 கிராம் வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் இரண்டாவது தட்டு எடுங்கள். தட்டின் விளிம்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்க வேண்டாம். ஆழமான பாத்திரத்தில் ஆவி தேங்கிவிடும்.

இரண்டாவது, கழுவிய ஈரம். காலிஃபிளவர் பூக்களுக்கு நடுவில் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். மேலே தொட்டுப் பார்த்தால் உலர்ந்த மாதிரி இருக்கும், ஒரு துண்டை உதறினால் கை நனையும். கழுவியதும் பூப்பக்கம் கீழே இருக்கும்படி துணியில் கவிழ்த்து அரைமணி நேரம் விடுங்கள். நேரமிருந்தால் முந்தின நாளே நறுக்கி, துணி விரித்த தட்டில் மூடாமல் ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஃபிரிட்ஜின் உலர்ந்த காற்று அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும்.

மூன்றாவது, உப்பு. உப்பு போட்டு அரைமணி நேரம் ஊறவைத்தால் காய் தண்ணீர் விட்டுவிடும். எண்ணெயில் புரட்டி, உப்புத் தூவி, உடனே ஓவனுக்குள் அனுப்புங்கள். சுக்கினிக்கும் கத்தரிக்காய்க்கும் மட்டும் தலைகீழ் வழி உண்டு: முன்கூட்டியே உப்பிட்டு 30 நிமிடம் வைத்து, வெளிவரும் நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ரோஸ்ட் செய்தால் இரண்டுமே கெட்டியாக வரும். அப்புறம் மேற்கொண்டு உப்பு சேர்க்காதீர்கள்.

நான்காவது, ஓவனின் சூடு. எண் 220 என்று காட்டினாலும் உள்ளே 200 இருக்கலாம். வீட்டு ஓவன்களில் இந்த அளவு வித்தியாசம் சகஜம். உள்ளே தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் கேக் முதல் காய் வரை பாதிக் குழப்பம் தீரும். காலித் தட்டையும் ஓவனுக்குள்ளேயே சூடேற்றி, அதில் காயைக் கொட்டும்போது சுர்ரென்று சத்தம் வந்தால் சூடு சரி. சத்தமே இல்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

இரண்டு தட்டுகளை ஒன்றாக வைத்தால் உள்ளே ஆவி மூட்டமாக நிற்கும். 12 நிமிடம் ஆனதும் கதவைத் திறந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஆவியை வெளியே விட்டு மூடுங்கள். பாதியில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இடம் மாற்றுங்கள். மொத்த நேரம் 5 முதல் 10 நிமிடம் கூடும்.

ஏற்கெனவே சொதசொதவென்று ஆகிவிட்டதா? தட்டில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, காயை இரண்டு தட்டுகளில் பிரித்து, 230 டிகிரியில் 8, 10 நிமிடம் வையுங்கள். காலிஃபிளவர், ப்ராக்கோலி, காளான் மீண்டுவிடும். சுக்கினி முழுதாக மீளாது, ஆனால் பரிமாறும் நிலைக்கு வந்துவிடும்.

உறைந்த காய் பயன்படுத்துகிறவர்கள் உருக வைக்காமல் அப்படியே சூடான தட்டில் போட்டு, 230 டிகிரியில் ரோஸ்ட் செய்யுங்கள். உருகினால் காயும் தண்ணீரும் தனித்தனியாகிவிடும்.

நிறம் வந்துவிட்டது, மொறுமொறுப்பு வரவில்லை

இங்கே எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று வருவதற்குக் காரணம் அதன் மாவுச்சத்து. வெந்த மாவுச்சத்து மேலே ஒரு படலமாகி, அது உலர்ந்து ஓடு மாதிரி ஆகிறது. நாம் எடுத்திருக்கும் காய்களில் அந்தச் சத்து மிகக் குறைவு, அதற்காகத்தானே இவற்றைத் தேர்ந்தெடுத்தோம். ஓரங்கள் மொறுகலாம், உள்ளே மென்மையாகத்தான் இருக்கும்.

அந்த ஓரங்களை அதிகப்படுத்தலாம். காலிஃபிளவரை உருண்டைப் பூக்களாக விடாமல், தண்டோடு சேர்த்து நெடுக வெட்டி, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்படி செய்யுங்கள். வெட்டிய முகம் தட்டில் படியட்டும். பதினெட்டு நிமிடம் தொடாதீர்கள். அப்புறம் ஒரு துண்டை மட்டும் புரட்டிப் பாருங்கள்: அடிப்பக்கம் ஆழ்ந்த பழுப்பாகவும், பூவின் விளிம்புகள் கிட்டத்தட்ட காபி நிறமாகவும், கரண்டியால் தள்ளினால் தானாக விட்டு வருவதாகவும் இருந்தால் எல்லாவற்றையும் புரட்டலாம். தட்டைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் இன்னும் வேளை வரவில்லை. நிமிடத்துக்கொரு முறை கிளறுவதுதான் மொறுமொறுப்புக்குப் பெரிய எதிரி.

மற்ற வழி, மொறுமொறுப்பை வெளியிலிருந்து கொண்டுவருவது. ரொட்டித் தூள் கூடாது. அதற்குப் பதிலாகக் கரகரப்பாகப் பொடித்த பாதாம், வால்நட், பூசணி விதை, எள் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கடைசி 5, 6 நிமிடத்தில் தூவுங்கள். முதலிலேயே போட்டால் கருகிவிடும். பார்மசான் போன்ற கெட்டிச் சீஸைத் துருவி, கடைசி 8 நிமிடத்தில் தூவினால் அது உருகி, சிவந்து, ஆறும்போது வலைபோல மொறுமொறுவென்று ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் விருந்துக்கு இந்தச் சீஸ் வழிதான் சிறந்தது. கார்ப் கிட்டத்தட்டக் கூடுவதே இல்லை, பார்க்கவும் விருந்துக்கே உரிய களை வந்துவிடும்.

வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

துண்டு பெரிது, அல்லது தட்டு ஓவனின் மேல்கம்பிக்கு மிக அருகில். காலிஃபிளவர் 3, 4 சென்டிமீட்டர் துண்டாக இருக்கட்டும். ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் எனப்படும் குட்டிக் கோஸைப் பாதியாக வெட்டுங்கள். முட்டைக்கோஸ் துண்டுகளுக்கு முதல் 10, 12 நிமிடம் அலுமினியத் தாள் மூடி, பிறகு திறந்துவிட்டால் நடுப்பகுதியும் வேகும், வெளியும் சிவக்கும். தட்டு ஓவனின் நடு அடுக்கில் இருக்கட்டும்.

கருகியது காய்தானா, மேலே போட்ட மசாலாவா என்றும் பாருங்கள். பூண்டுப் பொடி, மிளகாய்த் தூள், நசுக்கிய பூண்டு எல்லாம் 220 டிகிரியில் அரைமணி நேரம் தாங்காது. பூண்டை உரிக்காமல் முழுப் பல்லாகப் போடுங்கள், அல்லது நசுக்கிய பூண்டைக் கடைசி 5 நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். வெண்ணெயில் உள்ள பால் திடப்பொருளும் இப்படித்தான் கருகும். வெண்ணெய் ருசி வேண்டும் என்றால் நெய்யில் ரோஸ்ட் செய்யலாம், அல்லது இறக்கிய பின் வெண்ணெய் சேர்க்கலாம்.

ஒரு காய் குழைந்துவிட்டது, இன்னொன்று பச்சையாகவே இருக்கிறது

எல்லாக் காயையும் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் போட்டதன் விளைவு. 220 டிகிரியில் அஸ்பாரகஸ் 8 முதல் 12 நிமிடம். சுக்கினியும் ப்ராக்கோலியும் 15 முதல் 20. குடைமிளகாய், பாதியாக வெட்டிய காளான் 20 முதல் 25. காலிஃபிளவர், குட்டிக் கோஸ், கத்தரிக்காய்த் துண்டு, பாதியாக வெட்டிய சின்னச் சிவப்பு முள்ளங்கி 25 முதல் 30. முட்டைக்கோஸ் துண்டு 30 முதல் 35.

தாமதமாக வேகும் காயை முதலில் வைத்து, மற்றவற்றை நேரம் பார்த்துச் சேர்ப்பது ஒரு முறை. அதைவிட, ஒவ்வொரு தட்டிலும் ஒரே வேகத்தில் வேகும் காய்களை மட்டும் வைத்துவிட்டு, பரிமாறும்போது கலப்பது எளிது. விருந்து நாளில் நிமிடக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள யாருக்கு நேரமிருக்கிறது?

முள்ளங்கியைப் படித்ததும் தயங்கியிருப்பீர்கள். ரோஸ்ட் செய்தால் அதன் காரம் போய்விடுகிறது. சிறு உருளைக்கிழங்கை நினைவூட்டும் மென்மையான காயாக மாறுகிறது. ஒரு முறை செய்து பாருங்கள்.

கசக்கிறது, அல்லது அவித்த கோஸ் வாடை அடிக்கிறது

கோஸ் குடும்பத்துக் காய்களில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைத்தால் அந்த வாடை தூக்கலாகும். அதனால் 180 டிகிரியில் 50 நிமிடம் வைப்பதைவிட 220 டிகிரியில் 25 நிமிடம் நல்லது. குட்டிக் கோஸ் இயல்பிலேயே கொஞ்சம் கசக்கும். கசப்பைக் குறைக்க உப்பும் கொழுப்பும் புளிப்பும் போதும்: நல்ல எண்ணெய், இறக்கியதும் எலுமிச்சைச் சாறு, மேலே கொஞ்சம் சீஸ். தேன் ஊற்றச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை. இந்தத் தட்டுக்கு அது வேண்டாம்.

சப்பென்று இருக்கிறது

உப்பு போதாமல் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் புளிப்புதான் குறைகிறது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு மேசைக்கரண்டி, இறக்கிய பிறகு. ரோஸ்ட் ஆகும்போதே சேர்த்தால் பச்சை நிறக் காய்கள் மங்கிய பாசி நிறத்துக்குப் போய்விடும். அமிலமும் சூடும் சேர்ந்தால் பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியம் வெளியேறிவிடுவதுதான் காரணம். நறுக்கிய மூலிகை இலைகளையும் கடைசியிலேயே தூவுங்கள்.

எண்ணெய் கோத்துக்கொண்டிருக்கிறது, அல்லது தட்டில் ஒட்டிக்கொள்கிறது

கத்தரிக்காய் எண்ணெயை உறிஞ்சிவிடும். அதற்கு ஊற்றாமல் தூரிகையால் தடவுங்கள். மற்ற காய்களைப் பெரிய பாத்திரத்தில் கையால் புரட்டி, எல்லாப் பக்கமும் பளபளவென்று இருந்து அடியில் எண்ணெய் தேங்காமல் இருந்தால் அளவு சரி. ஒட்டுவதற்குப் பேக்கிங் தாள் நல்ல தீர்வு. அட்டைப்பெட்டியில் அது எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், பார்த்துவிட்டு வையுங்கள். சிலிகான் விரிப்பு ஒட்டாது, ஆனால் அடிப்பக்கம் சிவப்பதைத் தாமதப்படுத்தும்.

லோ கார்ப் என்று செய்தோம், கணக்கு இடிக்கிறது

இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. சர்க்கரை அளவைப் பார்த்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் பிறகு தெரியும்.

சமைக்காத பச்சைக் காய் 100 கிராமில், நார்ச்சத்தைக் கழித்த பின், ஏறத்தாழ இருக்கும் கார்ப் இது: அஸ்பாரகஸ், சுக்கினி, காளான் மூன்றும் 2 கிராமை ஒட்டி. காலிஃபிளவர், கத்தரிக்காய், முட்டைக்கோஸ் 3 கிராமை ஒட்டி. ப்ராக்கோலியும் சிவப்புக் குடைமிளகாயும் 4. குட்டிக் கோஸ் 5. கேரட்டும் பீட்ரூட்டும் 7. வெங்காயம் 7, 8. உருளைக்கிழங்கு 15. சர்க்கரைவள்ளிக்கிழங்கு 17.

600 கிராம் காலிஃபிளவர், 200 கிராம் ப்ராக்கோலி, சிவப்புக் குடைமிளகாயும் காளானும் 150 கிராம் வீதம் என்று ஒரு கலவை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 35 கிராம் போல வரும். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 6 கிராம். இதில் நிறத்துக்காக ஒரு நடுத்தர வெங்காயம் சேர்த்தால் மொத்தத்தில் 8 கிராம் கூடும், அது பரவாயில்லை. அரைக் கிலோ சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்தால் 85 கிராம் கூடும். இது இனி லோ கார்ப் தட்டே இல்லை.

கணக்கு எங்கே தவறுகிறது? ரோஸ்ட் செய்த காயை எடை போட்டு, அதற்குப் பச்சைக் காயின் எண்ணைப் போடுவதில்தான். நீர் வற்றி எடை கால் பங்கிலிருந்து பாதி வரை குறைந்திருக்கும், கார்ப் அப்படியே இருக்கும். பச்சையாக இருக்கும்போதே எடை போட்டு, முழுத் தட்டையும் கணக்கிட்டு, ஆள் எண்ணிக்கையால் வகுப்பதுதான் சரி.

அப்புறம் பாட்டில் சமாச்சாரங்கள். பால்சமிக் வினிகரை ஒரு மேசைக்கரண்டி விட்டால் 2, 3 கிராம், அதையே சுண்டக் காய்ச்சிய கெட்டிச் சாறு என்றால் அதைவிட நிறைய. துருவிப் பாக்கெட்டில் வரும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் சேர்த்திருப்பார்கள், கட்டியாக வாங்கித் துருவுங்கள். லேபிள் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை: சில நாடுகளின் லேபிளில் கார்ப் எண்ணிலேயே நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும், அமெரிக்க லேபிள் அப்படி. ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இன்னொரு முறை கழித்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

உங்கள் விருந்தாளி இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் என்றால் தட்டில் எவ்வளவு கார்ப் இருக்கிறது என்று உள்ளபடியே சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு உணவைப் பொறுத்தது. வழக்கத்தைவிடக் கார்பைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டிய மாற்றம் அது.

மேசைக்கு வரும்போது துவண்டுவிடுகிறது

ஓவனிலிருந்து எடுத்தபோது அருமையாக இருந்தது, அரைமணி நேரத்தில் சொங்கிவிட்டது. காரணம் பெரும்பாலும் மூடிதான். சூடு ஆறாமலிருக்க அலுமினியத் தாளை இறுக்கிப் போர்த்துகிறோம், அதற்குள் ஆவி திரும்பவும் நீராகிக் காயின் மேலேயே விழுகிறது. மூடாதீர்கள். பரிமாறும் பாத்திரம் குழிவாக இல்லாமல் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கட்டும். அதைச் சுடுதண்ணீரில் அலசித் துடைத்து, சூடாகவே பயன்படுத்துங்கள்.

இன்னொரு காரணம், விருந்து நாளில் ஓவன் ஒன்றுதான், அதில் இறைச்சியோ வேறு பெரிய உணவோ 160, 170 டிகிரியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதோடு காயையும் வைத்தால் காய் அவியும். இதற்கு நல்ல வழி இருக்கிறது. பெரிய ரோஸ்ட் இறைச்சியை வெட்டும் முன் 20, 30 நிமிடம் வெளியே ஆறவிட வேண்டும். அந்த இடைவெளிதான் காய்க்கான நேரம். இறைச்சி வெளியே வந்ததும் ஓவனை 220க்கு ஏற்றுங்கள். காயை நறுக்கி, உலர்த்தி, எண்ணெயில் புரட்டத் தயாராக வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாக மேசைக்கு வந்துவிடும்.

அந்த இடைவெளி போதாது என்றால் காலையிலேயே முக்கால் பதம் ரோஸ்ட் செய்துவிடலாம். நிறம் ஏறத் தொடங்கி, தண்டில் கத்தி முனை கொஞ்சம் தடுக்கும் நிலையில் எடுத்து, தட்டிலேயே பரப்பி ஆறவிடுங்கள். குவித்து வைத்தால் அடியில் இருப்பது வெந்துகொண்டே இருக்கும். ஆறியதும், எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பரிமாறும் முன் 230 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் மறுபடி ஓவன், அதோடு சீஸ். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள்.

மீந்துவிட்டது, மறுநாள் நன்றாக இல்லை

மீந்ததை ஃபிரிட்ஜில் 3, 4 நாள் வைக்கலாம். சூடு செய்ய அடிகனமான வாணலியே சிறந்தது: காய்ந்த வாணலி, சில சொட்டு எண்ணெய், ஒரே அடுக்கு, கிளறாமல் நான்கு நிமிடம். சுக்கினியும் கத்தரிக்காயும் எப்படிச் செய்தாலும் முதல் நாள் பதத்துக்கு வராது. அவற்றை ஆம்லெட்டில் சேருங்கள், அல்லது கொஞ்சம் கிரீமும் தண்ணீரும் விட்டு அரைத்துச் சூப்பாக்கிவிடுங்கள். ரோஸ்ட் வாசனை சூப்பில் அப்படியே இருக்கும்.